வாயாடியின் வலது பக்கம்

ஜூன் 4

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். முதலில் எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது தெரியக் கூடாதென்று வேறு தாள் எடுத்தேன். நீங்கள் போன் செய்தால் நான் எடுக்காததற்கும் காரணம் உண்டு. உங்கள் குரலைக் கேட்டால் என் கோபம் பாதியாகிவிடும். இந்தத் தடவை அது முழுசாக இருக்கட்டும் என்று பார்க்கிறேன்.

வாயாடி லாயத்துத் தரையில் வயிற்று வலியில் புரண்டான். லாரியில் ஏற்றி உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தேன். குதிரைக்கு அறுவை செய்கிற டாக்டர், அதுவும் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. உங்களை விட்டு வேறு யாரிடம் போவேன்? குடல் இறங்கி மாட்டிக்கொண்டது, வயிற்றைத் திறக்க வேண்டும் என்றீர்கள். திறங்கள் என்றேன். அங்கே நிற்க எனக்குத் தெம்பில்லை, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் மெத்தை போட்ட அறையில் படுத்துக் கிடக்கிறான். பின்னங்காலுக்கு நடுவே ஒரு பக்கம் காலி.

குடலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் அண்ணி? கிழிந்த இடத்தைத் தைக்கச் சொன்னால் சட்டைப் பையையே பிய்த்து எடுப்பீர்களா? என் லாயத்துக்குப் பெட்டைக் குதிரைகளை ஆட்கள் ஓட்டிக்கொண்டு வருவதே இவனுக்காகத்தான். இவன் குட்டி என்றால் நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவனை அரை ஆளாக்கி அனுப்பப் பார்க்கிறீர்கள்.

"உன்னைத் தேடினோம், காணோம். உன் வீட்டுக்காரியைக் கேட்டேன், சரின்னா" என்றீர்கள். தெரியும். அவளோடும் நான் பேசுவதில்லை. தட்டு வருகிறது, சாப்பிடுகிறேன், தட்டு போகிறது. அண்ணனிடம் சொல்லி அழலாம் என்று பார்த்தால், "அவ செஞ்சா சரியாத்தான்டா இருக்கும்" என்கிறான். அவனைப் படைக்கும்போதே கழுத்தில் ஸ்பிரிங் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

வாயாடியை வீட்டுக்குக் கூட்டி வர நான் வரமாட்டேன். அவளை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் அடிக்கவில்லை, பார்த்துக்கொள். எனக்குக் கோபம் தலைக்கேறினால் உன்னை 'வாங்க, போங்க' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவேன், அது உனக்கே தெரியும். இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை.

முதலில் உன் பிள்ளையின் சேதி. மூக்கு வழியாக விட்டிருந்த குழாயை எடுத்துவிட்டேன். தண்ணீர் குடிக்கிறான், கைப்பிடி புல் தின்கிறான். நேற்றுக் காலை லத்தி போட்டான். அறையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினோம். குடலைத் தைத்தவளுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. எதிர் அறையில் ஒரு பெட்டை நிற்கிறது, அதைப் பார்த்து ஓயாமல் கத்துகிறான். அரை ஆள் கத்துகிற கத்தா அது? நீயே வந்து கேட்டுக்கொள்.

இப்போது நீ கேட்ட சம்பந்தத்தைச் சொல்கிறேன். ஆண் குதிரைக்கு அடிவயிற்றில், தொடை இடுக்கில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வழிகள் உண்டு. விதைக்குப் போகிற ரத்தக் குழாய் அது வழியாகத்தான் இறங்குகிறது. நம் வாயாடிக்குப் பிறவியிலேயே அந்த வழி அகலம். இடது பக்கம் சிறுகுடல் அதற்குள் நழுவி விதைப்பை வரைக்கும் இறங்கிவிட்டது. இறங்கினது ஏற முடியாமல் வீங்கி, வாய் இறுகி, ரத்தம் ஓடாமல் நின்றுபோனது. நான் திறக்கும்போது அந்தக் குடல் துண்டு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அதை வெட்டி எடுத்து நல்ல முனைகள் இரண்டையும் சேர்த்துத் தைத்தேன். அதே இறுக்கத்தில் விதையின் ரத்தக் குழாயும் நசுங்கியிருந்தது. அது செத்துப்போன சதை, தம்பி. உள்ளே விட்டால் அழுகி அவனைக் கொன்றிருக்கும். அதை எடுத்தால்தான் அந்த வழியையும் இறுக்கிச் சாத்தித் தைக்க முடியும். சட்டைப் பையை ஆசைக்குப் பிய்க்கவில்லை.

என் ஓரகத்தியோடு பேசாமல் இருக்கிறாயாமே, வெட்கமாக இல்லை? அன்றைக்குப் பச்சை உடுப்போடு நான் வெளியே வந்து நின்றபோது அவள் ஒரு வார்த்தைதான் சொன்னாள். "உசிரு மட்டும் போதும்க்கா." உன்னைத் தேடி வாசல் வரைக்கும் ஓடியும் பார்த்தாள். நீ தெருக்கோடியில் எங்கேயோ போய் நின்றிருக்கிறாய்.

இன்னொன்று. இது என்னை அரிக்கிறது, அதனால் கேட்டுவிடுகிறேன். முதல் சில மணி நேரத்துக்குள் வந்திருந்தால் மயக்கம் கொடுத்து, மல்லாத்திப் போட்டு, வெளியிலிருந்தே கையால் தள்ளிக் குடலை ஏற்றிவிட வாய்ப்புண்டு. வெட்டே வேண்டியிருக்காது. அன்றைக்குக் காலையில் நீ போன் செய்தபோது, "வேற எங்கயாவது வீக்கம் இருக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி" என்றாய். சாதாரண வயிற்று வலி என்று நினைத்து, வலி ஊசி போடு, நடக்க வை, பார்ப்போம் என்றேன். மத்தியானம் லாரியிலிருந்து இறங்கியபோது இடது பக்கம் தேங்காய் அளவு வீங்கியிருந்தது, தொட்டால் சில்லென்றிருந்தது. அது மத்தியானம் வந்த வீக்கமாகத் தெரியவில்லை.

காலையில் நீ பார்த்தாயா, இல்லையா?

அண்ணி


ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

வாயாடி வந்து சேர்ந்தான். வாசலில் இறங்கியதும் என்னைப் பார்த்து ஒரு கத்து கத்தினான். வயிற்றில் கட்டு இன்னும் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி அறையை விட்டு வெளியே விடாமல் கயிற்றைப் பிடித்துக் காலையும் மாலையும் கொஞ்சம் நடத்துகிறேன். நடையில் குறை இல்லை. உங்கள் ஓரகத்தியோடு பேச ஆரம்பித்துவிட்டேன். அவள்தான் இப்போது பேசமாட்டேன் என்கிறாள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பையன். எனக்குத் தலை வாரிவிட்டு, கணக்குச் சொல்லிக்கொடுத்து, காய்ச்சலில் கஞ்சி ஊட்டியது நீங்கள். நம் வீட்டில் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தால்கூட நீங்கள் இருக்கிறீர்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன், இந்த வயதிலும். லாயத்தில் ஆட்களோடு நான் என்னென்ன பேசுவேன் என்று நீங்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வீர்கள். உங்களிடம் மட்டும் வாய் வராது.

பார்த்தேன் அண்ணி. காலையில் தண்ணீர் வைக்கப் போனபோதே பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம் பெரிசாக இருந்தது. முந்தின நாள் ஒரு பெட்டையோடு சேர்த்திருந்தோம், ஏதோ உதை பட்டிருக்கும் என்று நினைத்தேன். வயிற்று வலிக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் வீக்கம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். பக்கத்தில் உங்கள் ஓரகத்தி நிற்கிறாள், குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற லாயக்காரர் நிற்கிறார். அண்ணியிடம் போய் அதைச் சொல்வதா? ஒண்ணுமில்லை என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மத்தியானம் லாரியில் போகும்போது அவன் முனகிய முனகலில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். தெருக்கோடியில் போய் நின்றது பயத்தால் மட்டும் இல்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இப்போது இங்கே நடப்பதையும் கேளுங்கள். புல் கொண்டுவருகிறவன் முதல், எதிர்க் கடைக்காரர் வரைக்கும் என்னைப் பார்த்தால் ஒரு சிரிப்பு. "என்ன முதலாளி, உங்க ஆளுக்கு இப்ப அரை டிக்கெட்டாமே?" மானம் கப்பலேறிவிட்டது. ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. கட்டை அவிழ்த்ததும் ஒரு பெட்டையைக் கொண்டுவரச் சொல்லி, எல்லோர் கண் முன்னாலும் இவன் யார் என்று காட்டிவிட வேண்டும். பெட்டையின் சொந்தக்காரரிடம் பேசிவிட்டேன். ஒன்று இருந்தாலும் போதும் என்று நீங்களே அண்ணனிடம் சொன்னீர்களாமே.

அன்புடன்,
கொழுந்தன்


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அறுவை அறையை ஒட்டிய சின்ன அறையில், கருவிகள் கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரித்தேன். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். உதவிக்கு நிற்கும் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். அட பைத்தியக்காரா, நான் நாள் முழுக்க அதைத் தொட்டுப் பார்த்துத்தானே பிழைக்கிறேன், எனக்கு முன்னால் என்ன வெட்கம் என்று நாலு கேள்வி கேட்க இருந்தேன். கேட்க வாய் வரவில்லை. ஏன் தெரியுமா? வேறு யாராவது ஆண் குதிரைக்கு வயிற்று வலி என்று போன் செய்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, "விதை ரெண்டும் ஒரே அளவா இருக்கா, தொட்டா சூடா இருக்கா?" என்பதுதான். எழுபது வயதுப் பெரியவரிடமும் கேட்பேன், மீசை முளைக்காத பையனிடமும் கேட்பேன். அன்றைக்கு உன்னிடம் அப்படிக் கேட்கவில்லை. 'வேற எங்கயாவது' என்று மூடி மறைத்துக் கேட்டேன். நான் தலை வாரிவிட்ட பையன், அவனிடம் போய் அதைக் கேட்பதா என்று என் வாயும்தான் வளைந்து போனது. நீ மறைத்தது பாதி என்றால், மறைக்க இடம் கொடுத்து நான் கேட்டது மீதிப் பாதி. இரண்டு பேரும் ரொம்ப மரியாதைக்காரர்கள். அதற்கு வாயாடிதான் குடலைக் கொடுத்தான்.

அதனால் இனிமேல் நமக்குள் மரியாதை வேண்டாம். பச்சையாக எழுதுகிறேன், பச்சையாகப் படி.

ஒரு விதை இருந்தாலே குட்டி பிறக்கும். அது உண்மை. ஆனால் அவனுடைய வலது பக்க வழியும் அகலம். வயிறு திறந்திருந்தபோது உள்ளிருந்து விரலை விட்டுப் பார்த்தேன், இடது பக்கத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லை. பெட்டையைப் பார்த்துப் பின்னங்காலில் எழும்பி முக்கும்போது குடல் அந்தப் பக்கமும் நழுவலாம். ஏற்கெனவே ஒரு துண்டை இழந்த வயிறு அது, உள்ளே தையல் இன்னும் பச்சை. இன்னொரு பெரிய அறுவையை அவன் தாங்குவான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. தாங்கமாட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

வழி இருக்கிறது. வயிற்றைப் பிளக்காமல், நிற்க வைத்தே, விலாவில் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு வலது பக்க வழியை உள்ளிருந்தே மூடலாம். விதை அப்படியே இருக்கும். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தரமாட்டேன், ஆனாலும் நல்ல வழி. உடம்பு தேறட்டும், பிறகு கூட்டி வா. அதுவரைக்கும் பெட்டையின் பக்கமே விடாதே. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நாலு நாள் சிரித்தால் வாய் வலிக்கும்.

தினமும் கை வைத்துப் பார். அளவையும் பார், சூட்டையும் பார்; சில்லிட்டால் ஆபத்து. வித்தியாசம் தெரிந்தால் அந்த நிமிஷமே கூப்பிடு.

அண்ணி


ஜூலை 16

ஐயா அவர்களுக்கு,

பெட்டைக் குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருக்கிறீர்களாம். ஓரகத்தி அழுதுகொண்டே சொன்னாள். என் கடிதம் உங்களுக்குக் கிடைத்ததும் தெரியும், நீங்கள் பதில் போடாததும் தெரியும். போனும் எடுக்கவில்லை. உங்கள் அண்ணன் முதல் தடவையாகத் தலையாட்டாமல், "அவன் பண்றது தப்பு" என்றார். அதற்காகவாவது யோசியுங்கள்.

குதிரை உங்களுடையது. வலி அவனுடையது. இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் எப்போது கொண்டுவந்தாலும் நான் மேஜையருகே நிற்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அப்போது உங்கள் முகத்தைப் பார்த்து நான் பேசவேண்டிய பேச்சு ஒன்று பாக்கி இருக்கும். அதைப் பேச வைக்காதீர்கள்.

அண்ணி


ஜூலை 23

அன்புள்ள அண்ணிக்கு,

'ஐயா அவர்களுக்கு' என்று படித்ததும் அடுத்த வரிக்குப் போகவே பயந்தேன். ஆனாலும் வீம்பு விடவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பெட்டை வந்தது. சொந்தக்காரர் வந்தார். புல்காரன் வந்தான், எதிர்க் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார், யார் யாரோ வந்து சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். நானே கயிற்றைப் பிடித்து வாயாடியை முற்றத்துக்குக் கூட்டி வந்தேன்.

பெட்டையைக் கண்டதும் கத்தினான். எப்பேர்ப்பட்ட கத்து! மற்ற நாளாக இருந்தால் எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்திருக்கும். அன்றைக்குக் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கழுத்தை வளைத்துக் காலைத் தூக்குகிறான், என் கண் அவன் முகத்திலேயே இல்லை. அத்தனை பேருக்கும் முன்னால் குனிந்து, காலுக்கு நடுவே கையை விட்டு, வலது விதையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. சரி என்று நிமிர்ந்தேன். மறுபடியும் கத்தினான். மறுபடியும் குனிந்தேன். சுவரில் ஒரே சிரிப்பு. "என்னய்யா, எண்ணிப் பாக்குறியா?" என்று எவனோ கேட்டான்.

நான் எழுந்து பார்க்கிறேன், வாயாடி என்னையே பார்க்கிறான். அன்றைக்கு லாரியில் இப்படித்தான் பார்த்தான். வலியைச் சொல்ல வாயில்லாமல், நீ ஏதாவது செய்வாய் என்று பார்த்தான். நான் செய்தது என்ன? உங்களுக்குச் சொல்ல வெட்கப்பட்டேன். இப்போது இந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக மறுபடியும் அதே லாரியில் அவனை ஏற்றப் போகிறேனா என்று நினைத்தேன். பிறகு கயிற்றைத் திருப்பினேன். "வலது பக்க விதையிலயும் குடல் இறங்கும்னு எங்க அண்ணி சொல்லியிருக்காங்க. அவன் செத்தா உங்க அப்பனா உசிரு குடுப்பான்? போங்கய்யா!" என்று கத்தினேன். ஒவ்வொருத்தராகச் சுவரிலிருந்து இறங்கிப் போனார்கள். உங்கள் ஓரகத்தி சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றாள். பேசிவிட்டாள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். கேமரா விட்டு வழியை மூடலாம், விதை இருக்கும், ஆனால் நூற்றுக்கு நூறு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்காகத்தான் அப்படி ஒரு வழி தேடினீர்கள் என்று தெரியும். நீங்கள் என் இடத்திலிருந்து யோசித்தீர்கள். நான் இந்த நாலு நாளும் அவன் இடத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன்.

தெருவில் ஒரு பெட்டை போனால் அவன் கத்துகிறான், நான் சோற்றை விட்டுவிட்டு ஓடி வந்து கை வைத்துப் பார்க்கிறேன். தூக்கத்தில் கத்தினாலும் ஓடுகிறேன். இரண்டு பேரும் இப்படியே எத்தனை வருஷம் இருப்பது? கேமரா விட்ட பிறகும் நான் ஓடத்தான் போகிறேன், எனக்கு என்னைத் தெரியும். அவனால் கிடைக்கிற குட்டிகள் வேண்டும்தான். அவை இல்லாவிட்டால் லாயம் கொஞ்சம் தள்ளாடும், சவாரி கற்க வருகிறவர்களை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று உங்கள் ஓரகத்தி சொல்கிறாள். அவள் கணக்கு என் கணக்கை விடச் சரியாக இருக்கும், நீங்கள்தானே அவளுக்கும் அக்கா.

காயடித்துவிட்டு, வலது பக்க வழியையும் இறுக்கித் தைத்துவிடுங்கள் அண்ணி. கொஞ்ச நாளில் சுபாவம் மாறும், கத்துவது குறையும் என்று லாயக்காரர் சொன்னார். குறையட்டும். இந்தத் தடவை நான் தெருக்கோடிக்குப் போகமாட்டேன். மயக்கம் ஏறும் வரைக்கும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எழுந்திருக்கும்போதும் முதலில் என் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை லாரி சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதிவிட்டு லாயத்துக்குப் போய் அவன் காதில் சொன்னேன், மன்னிச்சுக்கடா என்று. அவன் என் சட்டைப் பையில் புல் இருக்கிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்புடன்,
நீங்கள் தலை வாரிவிட்ட பையன்